கடற்பனி கோரை (துளையிட்டு எடுத்த உருளைத் துண்டை) உருக்கினால் சிலியேட்டுகள் (மயிரிழைகளால் நீந்தும் ஒருசெல் உயிரிகள்) காணாமல் போகின்றன. எவ்வளவு கடல்நீர் சேர்ப்பது?

கேள்வி:
அலாஸ்காவின் உட்கியாக்விக் கரையோரப் பனி, வசந்தகால மாதிரி. 9 செ.மீ. விட்டமுள்ள கோரில் அடி 5 செ.மீ.-ஐ மட்டும் வெட்டி, 4 டிகிரியில் எதுவும் சேர்க்காமல் உருக்கினோம். மைக்ராஸ்கோப்பில் டைஅட்டம்கள் (சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் பாசிகள்) குவிந்து கிடக்கின்றன. சிலியேட்டும் கசையிழை உயிரிகளும் அநேகமாக இல்லை. பனியிலேயே இல்லையா, உருக்கும்போது அழிந்தனவா? டிஎன்ஏவும் எடுக்க வேண்டும்.

பதில் 1:
உருக்கும்போதுதான் பெரும்பகுதி போயிருக்கும். அடிப்பனியின் உப்புநீர்க் குழாய்களில் உப்பு கிட்டத்தட்ட கடல்நீர் அளவு, ஆயிரத்துக்கு 35-ஐ ஒட்டி இருக்கும். மொத்தப் பனியும் உருகினால் அது 6 அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீர் உள்ளே பாய்ந்து, சுவரில்லாத செல்கள் ஊதி வெடிக்கும். சிலிக்கா ஓடு காப்பதால் டைஅட்டம்கள் மட்டும் எஞ்சும். அதனால் உங்கள் எண்ணிக்கை ஒருபக்கமாகச் சாய்கிறது.

0.2 மைக்ரான் ஃபில்டரில் வடித்த கடல்நீரை, ஒரு செ.மீ. பனிக்கு 100 மி.லி. வீதம் சேருங்கள். உங்கள் 5 செ.மீ. துண்டு உருகினால் சுமார் 285 மி.லி. வரும். 500 மி.லி. கடல்நீர் (உப்பு 32) சேர்த்தால் கலவையின் உப்பு 22-23-இல் நிற்கும். இருட்டில், 4 டிகிரியில், அவ்வப்போது மெதுவாகச் சுழற்றி உருக்குங்கள். கடைசித் துண்டு கரைந்ததும் வடித்துவிடுங்கள். விட்டுவைத்தால் மேய்ச்சலும் (ஓர் உயிரி இன்னொன்றைத் தின்பதும்) பாக்டீரியா பெருக்கமும் தொடரும். சிலியேட்டு எண்ணுவதற்கு லூகோல் (அயோடின்) கரைசலில் பதப்படுத்துங்கள்.

கோரை வெளியே எடுத்ததும் படுக்கையாக வைத்து, நிழலில் உடனே வெட்டுவதும் முக்கியம். நிமிர்த்திப் பிடித்தால் அடிப்பகுதி உப்புநீர் செல்களோடு ஒழுகிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பனித்துண்டை முதலில் எடை போடுங்கள். மொத்த 785 மி.லி.-ஐ 285-ஆல் வகுத்தால் 2.75, எண்ணிக்கையை இதனால் பெருக்காவிட்டால் எல்லாமே குறைவாகக் காட்டும். உப்பு, நைட்ரேட், சிலிக்கேட் அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோர் எடுத்து, எதுவும் சேர்க்காமல் உருக்குங்கள். சேர்த்த கடல்நீரின் சத்துகள் அளவைக் கெடுக்கும்.

டிஎன்ஏவுக்கு இன்னொரு சிக்கல். வெடித்த செல்களின் டிஎன்ஏ ஃபில்டரைக் கடந்து ஓடிவிடும். சேர்த்த கடல்நீரிலோ 0.2 மைக்ரானைத் தாண்டிய சிறு பாக்டீரியாக்களும் கரைந்த டிஎன்ஏவும் இருக்கும். அதே 500 மி.லி.-ஐ பனியில்லாமல் தனியே வடித்து, மாதிரியோடு சேர்த்தே சீக்வென்ஸ் செய்யுங்கள் (டிஎன்ஏ வரிசையைப் படியுங்கள்). ஃபில்டரை உடனே மைனஸ் 80-இல் வையுங்கள். இந்த வெற்றுச் சோதனை இல்லாத பாக்டீரியாப் பட்டியலை நான் நம்பமாட்டேன்.

பால்டிக் கடல் பனிக்கு இந்த அளவை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே உப்பு ஏற்கெனவே மிகக் குறைவு. நேரடியாக, வேகமாக உருக்குவதே பொருந்தும்.