ஒரு மாதப் பயணம், பழைய லேப்டாப்: வழியிலேயே போட்டோ எடிட்டிங் பழக முடியுமா?

குடைராட்டினம்:
வணக்கம். அடுத்த மாசம் முழுக்க பஸ், ரயில்னு பயணம். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, 18-55 கிட் லென்ஸ் இருக்கு. லேப்டாப் பழசு, 4 ஜிபி ரேம்தான். இதுவரை ஆட்டோ மோடு, ஜேபெக் மட்டும்தான். வெயில்ல எடுத்தா வானம் வெளுத்துடுது, இல்லன்னா முகம் இருண்டுடுது. லேப்டாப்ல சரி பண்ண படம் போன்ல வேற மாதிரி தெரியுது. நெட் எப்பவும் கிடைக்காது. ராவுக்கு (RAW, கேமரா திருத்தாம அப்படியே சேமிக்கிற கோப்பு) மாறி எடிட்டிங் பழக இது சரியான நேரமா?

எஃப்எட்டு:
இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சாயங்காலம் எடிட் பண்ணும்போது கண்ணுல படுற தப்பை மறுநாள் காலையிலேயே திருத்திடலாம். மொத்தத்தையும் திரும்பி வந்து பார்த்தா ஒரே தப்பு ஆயிரம் படத்துல இருக்கும்.

முதல்ல வானம். அப்பர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் துளையை நீங்க வைப்பீங்க, ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கும்), துளை எஃப்/8, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), குறைந்தபட்ச ஷட்டர் 1/125 (ஆட்கள் நடமாடினா 1/250). பிளேபேக் மெனுவுல ஹைலைட் எச்சரிக்கையை ஆன் பண்ணுங்க. வெளுத்த இடம் மினுக்கும். மினுக்கினா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற +/- அமைப்பு) 1/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) குறைச்சு மறுபடி எடுங்க, மினுக்கல் நிற்கிறவரை. சூரியனோ உலோகப் பளபளப்போ மினுக்கினா விட்டுடலாம், அங்க பார்க்க ஒண்ணும் இல்ல.

முகம் இருட்டுமேன்னு கேட்பீங்க. ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான். 14 பிட் ராவுல 16,384. அதனால ஐஎஸ்ஓ 100ல எடுத்த முகத்தை 2 ஸ்டாப் தூக்கினாலும் பெரும்பாலும் தாங்கும். ஐஎஸ்ஓ 3200ல அதே வேலையைச் செஞ்சா நாய்ஸ் (புள்ளிப்புள்ளியா வர்ற இரைச்சல்) பொரிஞ்சு நிக்கும். முழுசா வெளுத்த வானத்துலயோ தகவலே இல்ல, எந்த சாஃப்ட்வேரும் அதைக் கொண்டுவராது.

பலரும் கவனிக்காத ஒண்ணு: கேமரா காட்டுற ஹிஸ்டோகிராமும் (இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற வரைபடம்) மினுக்கலும் ராவை வச்சு இல்ல, ஜேபெக் முன்னோட்டத்தை வச்சு வருது. பிக்சர் ஸ்டைல் (ஜேபெக்குக்கு நிறம் கூட்டுற கேமரா அமைப்பு) விவிட்ல இருந்தா நல்லா இருக்கிற வானமும் வெளுத்ததா காட்டும். நியூட்ரலுக்கு மாத்துங்க.

ஸ்லைடர்சாமி:
மேலே சொன்னதோடு சேர்த்து, ஆரம்பத்தில் ரா மட்டும் வேண்டாம், ரா+ஜேபெக் வையுங்கள். கேமரா என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கை பழகும். சுருக்கப்பட்ட ரா சுமார் 25-30 எம்பி வரும். ஜேபெக்கோடு சேர்த்தாலும் 64 ஜிபி கார்டில் 1,500 படம் பிடிக்கும்.

ராவைத் திருத்தும் மென்பொருள்: டார்க்டேபிள் அல்லது ராதெரபி. இரண்டும் இலவசம், நெட் வேண்டாம். டார்க்டேபிள் கையேட்டைக் கிளம்பும் முன் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேம் திணறும், அதனால் அன்றைய படங்களை எக்ஸ்என்வியூ எம்பி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் பார்த்து (ராவுக்குள் இருக்கும் ஜேபெக்கை அது சட்டென்று காட்டும்) பத்தை மட்டும் டார்க்டேபிளில் ஏற்றுங்கள். பிரவுசரை மூடிவிடுங்கள்.

முதல் வாரம் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்), எக்ஸ்போஷர், ஹைலைட்-ஷேடோ (வெளிச்ச, நிழல் பகுதிகள்), கிராப். அவ்வளவுதான். நிறம் கூட்ட ஆசை வந்தால் எல்லா நிறத்தையும் ஒரேயடியாகக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொடாமல், மங்கிய நிறங்களை அதிகம் கூட்டும் வைப்ரன்ஸைத் தொடுங்கள். சாச்சுரேஷன் முகத்தை ஆரஞ்சாக்கிவிடும்.

டார்க்டேபிளில் செய்த மாற்றங்கள் ராவின் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் இருக்கும். ராவை மட்டும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் உழைப்பு பின்தங்கிவிடும்.

மங்கலொளி:
போன்ல வேற மாதிரி தெரியறதுக்கு: ஏற்றுமதி பண்ணும்போது எஸ்ஆர்ஜிபி (sRGB, போனுக்கும் வெப்புக்கும் பொதுவான நிற முறை) தேர்ந்தெடுங்க. அடோபிஆர்ஜிபிங்கிற இன்னொரு நிற முறையில போனா சில ஆப்ல நிறம் செத்துப்போய் தெரியும். நைட் லைட்டும் ஆட்டோ பிரைட்னஸும் ஆஃப்ல இருக்கணும். வெயில் விழுற ஜன்னல் சீட்ல எடிட் பண்ணா திரை மங்கலா தெரியும், நீங்க படத்தை அதிகமா வெளிச்சமாக்கிடுவீங்க. இருட்டு அறையில நேர்மாறு. கண்ணை நம்பாம ஹிஸ்டோகிராமைப் பாருங்க.

குடைராட்டினம்:
நன்றி! ரெண்டு சந்தேகம். பஸ் ஜன்னல் வழியா எடுக்க எஃப்/8 போதுமா? கார்டை எப்ப ஃபார்மேட் பண்ணலாம்?

எஃப்எட்டு:
ஜன்னலுக்கு எஃப்/5.6, 1/1000. எஃப்/16 வச்சா கண்ணாடித் தூசியும் சேர்ந்து தெரியும். லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினாப்ல பிடிங்க, ஆனா தொடக்கூடாது, அதிர்வு ஏறும். இடைவெளியைக் கருப்புத் துணியால மூடினா உள்வெளிச்சம் பிரதிபலிக்காது. ஃபோகஸ் கண்ணாடி அழுக்கைப் பிடிச்சா ஒற்றைப் புள்ளிக்கு மாத்தி தூரத்து விளிம்புல வைங்க. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கிற ஃபில்டர்) வேண்டாம், டஃபண்ட் கிளாஸ் (பஸ்ஸுல இருக்கிற கடினமாக்கின கண்ணாடி) வழியா வானவில் திட்டு திட்டா விழும்.

ஸ்லைடர்சாமி:
ஃபார்மேட்: லேப்டாப்பிலும் தனி டிஸ்க்கிலும் நகல் ஏறி, இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்த்த பிறகு. கட்-பேஸ்ட் கூடாது, காப்பி மட்டும்; நடுவில் கேபிள் கழன்றால் கார்டிலாவது இருக்கும். டிஸ்க்கையும் லேப்டாப்பையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஃபார்மேட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள்.