ஆபரேஷனில் லிக்னோகெய்ன் டிரிப்: வெள்ளணுவை அடக்குவது சரியா?

குன்னூர் மகன்
கொழுந்து எடுக்குற எங்க அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன். மயக்கம் கொடுக்கிற டாக்டர் லிக்னோகெய்னை டிரிப்பா ஓட்டலாம்ங்கிறார். வலி குறையுமாம், வெள்ளணு அளவுக்கு மீறித் துள்ளாதாம். அங்கதான் எனக்கு இடிக்குது. கிருமியோட மல்லுக்கட்டுறதே வெள்ளணுதானே? அதை அடக்கினா தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காதா? வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.

கோத்தகிரி ஓ.டி. டெக்னீஷியன்
அவசரப்பட்டு வேண்டாம்னு சொல்லாதீங்க தம்பி. பல் பிடுங்க ஈறில் போடுற அதே மருந்துதான். நரம்பில் சோடியம் போற வழியை அடைச்சு மரத்துப்போக வைக்கும். வெள்ளணுவில் நடக்கிறது வேற. வயித்தைக் கீறினதும், கிருமி இருக்கோ இல்லையோ, நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு எல்லாம் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, அதைத் தாண்டி, திசுக்குள்ள இறங்கி, சூப்பராக்சைடுங்கிற, கிருமியைத் தாக்குற ரசாயனத்தைக் கக்கும். கிருமிக்கு வெச்ச தீ நம்ம சதையையும் சுடுற மாதிரி. ஆபரேஷனுக்கு அப்புறம் குடல் அசையாம கிடக்க அதுவும் ஒரு காரணம். லிக்னோகெய்ன் இருந்தா நியூட்ரோஃபில் சுவரில் ஒட்டுறதும் உசுப்பேறுறதும் குறையுது. ரத்தத்தில் கொஞ்சமே போதும், ஆனா மணிக்கணக்கில் ஓடணும். அணுவை அது கொல்றதில்லை, வேகத்தைத்தான் குறைக்குது.

கூடலூர் டாக்டர்
நீங்கள் சொன்ன வெள்ளணு விவரம் சரி. ஆனால் அதில் பெரும்பகுதி சோதனைக்கூடத்தில் பார்த்தது. நோயாளிக்கு என்ன கிடைத்தது? பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட 2018 காக்ரேன் தொகுப்பு, வலியிலும் குடல் அசைவிலும் பலன் உறுதியில்லை என்றது. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 590 பேரிடம் நடந்த 'அலெக்ரோ' ஆய்வில், பெருங்குடல் அறுவைக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் குடல் இயங்கியது மருந்து பெற்றவர்களில் 57 சதவீதத்தினருக்கு, பெறாதவர்களில் 59 சதவீதத்தினருக்கு. இதற்கு ஏன் ஒரு டிரிப்?

என் பெரிய கவலை எடை. 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த டிரிப் கூடாது என்று 2021இல் பல நாட்டு மயக்கவியல் நிபுணர்கள் சேர்ந்து சொன்னார்கள். கிலோவுக்கு மணிக்கு 1.5 மி.கி.தான் உச்சம். எங்கள் ஓ.பி.க்கு வரும் எஸ்டேட் பெண்கள் பலருக்குத் தராசு 40ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அளவு மீறினால் முதலில் உதடு மரக்கும், காது இரையும், பிறகு வலிப்பு, இதயமே நிற்கலாம். மயக்கத்தில் கிடக்கிறவர் 'உதடு மரக்குது' என்று எப்படிச் சொல்வார்?

கோத்தகிரி ஓ.டி. டெக்னீஷியன்
அதுக்குத்தானே டாக்டர், ஈசிஜி மானிட்டரும் மருந்து அளவு மீறினா முறிக்கிற 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) பாட்டிலும்? அலெக்ரோ குடல் அசைவை வெச்சு முடிவெடுத்தது, வெள்ளணுவை வெச்சு இல்லை. மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி 2023இல் வெளியிட்டதைப் பாருங்க. மார்பகக் கட்டியைச் சுத்தி இதே மருந்தை ஊசி போட்டு அப்புறம் அறுத்தாங்க. 5 வருஷத்தில் நோய் திரும்பாம இருந்தவங்க 82.6இலிருந்து 86.6 சதவீதமா ஏறினாங்க. நம்ம நாட்டு நோயாளிங்ககிட்ட பார்த்தது.

கூடலூர் டாக்டர்
நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அது கட்டியைச் சுற்றிப் போட்ட ஊசி. ரத்தக்குழாய் வழியாக ஓட்டும் டிரிப்புக்கு அதைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. லிப்பிட் பாட்டில் மலையில் எத்தனை தியேட்டரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அதுவும் அடைப்பு.

குன்னூர் மகன்
அம்மா 41 கிலோ. ஆபரேஷன் கோயம்புத்தூரில்தான்.

கூடலூர் டாக்டர்
அப்படியானால் மணிக்கு 61 மி.கி.யைத் தாண்டக் கூடாது. நாளை மூன்று கேள்வி கேளுங்கள்: அவரை இப்போது நிறுத்துப் பார்த்தார்களா, வேறு மரப்பு ஊசியும் அதே நேரத்தில் போடப்போகிறார்களா, வார்டுக்கு வந்த பிறகும் டிரிப் ஓடுமா. ஓடும் என்றால் பக்கத்தில் யார் இருப்பார்? என்னைக் கேட்டால் நான் போடமாட்டேன்.

கோத்தகிரி ஓ.டி. டெக்னீஷியன்
மூணுக்கும் சரியான பதில் வந்தா நான் போடச் சொல்வேன் தம்பி. சீழ் பயத்துக்காக மட்டும் மறுத்துடாதீங்க.