குத்தகை நிலத்துக்கு எழுத்து ஒப்பந்தம் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அப்பாவோடு விவசாயம் பார்க்கிறேன். சொந்தக் கொல்லை 60 சென்ட். ஒட்டியே 2 ஏக்கர் வாய்ப்பேச்சுக் குத்தகை. ஒரே செம்மண், ஒரே மல்லாட்டை (நிலக்கடலை) விதை. சொந்தத்தில் பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காய், குத்தகையில் பாதி பருப்பில்லாத பொக்கு.

காரணம் தெரியும். எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டதும் ஏரி வண்டல் அடித்ததும் சொந்தக் கொல்லைக்குத்தான். அடுத்த வருஷம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்துக்கு யார் செலவழிப்பார்கள்? சின்ன நிலத்தில் ஏக்கர் விளைச்சல் கூடுதல் என்று 1950களின் பண்ணை ஆய்வுகளிலேயே பேசினார்கள். எனக்கென்னவோ பரப்பைவிட உரிமைதான் பெரிதாகப் படுகிறது.

தமிழ்நாட்டின் 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகைதாரர் பெயரைப் பதியலாம். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே, நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர் பயப்படுகிறார். நல்ல மனிதர், மனம் நோகக்கூடாது.

சரி, 5 வருஷத்துக்கு இரு தரப்பும் நிம்மதியாக எழுதிக்கொண்டவர்கள் யாராவது உண்டா? வாசகம் எப்படி வைத்தீர்கள்? வண்டல் செலவை எப்படிப் பிரித்தீர்கள்? ஆடிப்பட்டத்துக்கு முன் பேசி முடிக்க வேண்டும், சொல்லுங்கள்.