செக்யூரிட்டி வேலைக்கு லைசென்ஸ் யார் எடுக்க வேண்டும்?

இரவுப்பணி: தம்பிக்கு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் வேலை கிடைத்திருக்கிறது. பயிற்சி எதுவும் கிடையாதாம், நாளைக்கே கேட்டில் நிற்க வேண்டுமாம். லைசென்ஸும் அவனே எடுக்க வேண்டும் என்கிறார்கள். சரியா?

பழைய சூப்பர்வைசர்: சரியில்லைங்க. 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் எடுக்க வேண்டியது ஏஜென்சி. பயிற்சி தரும் பொறுப்பும் அவர்களுடையதுதான். தம்பிக்கு 18 முதல் 65க்குள் வயது, உடல்தகுதி, நன்னடத்தைச் சரிபார்ப்பு வேண்டும். பயிற்சி என்றால், மத்திய அரசின் மாதிரி விதிகளில் வகுப்பு 100 மணி நேரம், களப்பயிற்சி 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள். மாநில விதிகளையும் பாருங்கள். பயிற்சி இல்லாத பையன்கள் தீப்பிடித்தபோது தீயணைப்பானின் பாதுகாப்பு ஊசியை (பின்) எடுக்கத் தெரியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உயிருக்கே ஆபத்து.

முன்னாள் ஹவில்தார்: ராணுவம், போலீஸிலிருந்து வந்தவர்களுக்கு 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும்தான்.

இரவுப்பணி: நன்றிங்க. துப்பாக்கி கொடுத்தால்?

பழைய சூப்பர்வைசர்: அதற்கு 1959 ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் தொடவே வேண்டாம். அப்புறம், ஏஜென்சியின் உரிம எண்ணையும் தனக்கான புகைப்பட அடையாள அட்டையையும் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.