பைட் இதழைத் தொடங்கியது யார்? (வேய்ன் கிரீன் ரசிகர்கள் கவனத்துக்கு)

சாலிடர்சாமி: பைட் கம்ப்யூட்டர் பத்திரிகை வேய்ன் கிரீன் பெற்ற பிள்ளையாம், முன்னாள் மனைவி தட்டிப் பறித்தாராம். ஹாம்வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1975 மார்ச்சில் கிரீன் பப்ளிஷிங் நிறுவனத்தைப் பதிவு செய்ததே அந்த முன்னாள் மனைவி வர்ஜீனியாதான். ஆசிரியர் கார்ல் ஹெல்மர்ஸ். அப்புறம் வேய்னுக்கு அங்கே என்ன வேலை?

ஹாம்வாசி: 1975 செப்டம்பர் முதல் இதழில் வெளியீட்டாளர் என்று யார் பெயர் இருக்கிறது? வேய்ன் கிரீன். முதல் நான்கு இதழ்களும் அவருடைய '73' ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பத்திரிகை அலுவலகத்தில் உருவானவை. நவம்பரில் ஒருநாள் வந்து பார்த்தால் ஆட்களும் இல்லை, தயாராகிக்கொண்டிருந்த ஜனவரி இதழும் இல்லை. இதற்குப் பெயர் பறிப்பு இல்லையென்றால் வேறென்ன, வாடகை வீடு மாறுவதா?

டிரான்சிஸ்டர்: தொடங்கியவர் என்றால் யார்? யோசனை சொன்னவரா, பதிவு செய்தவரா, எழுதியவரா? அதை முதலில் முடிவு செய்யலாமே.

ஹாம்வாசி: அதெல்லாம் தேவையில்லை. முதல் நான்கு இதழ்கள். வெளியீட்டாளர் யார்?

சாலிடர்சாமி: கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டால் மாப்பிள்ளை ஆகிவிடுவாரா? ஹெல்மர்ஸ் அதற்கு முன்பே தனியாளாக ஈசிஎஸ் என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை நடத்தியவர். அந்த ஆள் இல்லாமல் பைட் ஏது?

ஹாம்வாசி: சம்பளத்துக்கு வந்தவர் தொடங்கியவரா? நல்லா இருக்கு நியாயம். 1977 ஜனவரியில் வேய்ன் புதிதாக ஒரு பத்திரிகை தொடங்கியபோது பைட்காரர்கள் 'கிலோபைட்' என்ற பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை, அது 'கிலோபாட்' ஆகத்தான் வந்தது. அவ்வளவு பயம்!

பழையபேப்பர்: சண்டை முடிந்ததா? டேவிட் ஆல் நடத்திய கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் பத்திரிகை 1974 கடைசியிலேயே வந்துவிட்டது. பைட்டை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்?

சாலிடர்சாமி: அது பள்ளிக்கூடத்துக்கான பத்திரிகை, இதில் ஏன் கொண்டுவருகிறீர்கள்?

பழையபேப்பர்: பள்ளிக்கூடத்தில் இருந்தால் கம்ப்யூட்டர் இல்லையா? ஆல்டேர் கம்ப்யூட்டர் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அட்டைப்படத்தில் இருந்தது வெறும் பெட்டி என்று சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு மல்லுக்கட்டினீர்கள்.

சாலிடர்சாமி: நீங்கள் சொன்ன தொனிக்குத்தான்.

ஹாம்வாசி: பேச்சை மாற்ற வேண்டாம். முதல் நான்கு இதழ்கள். இன்னும் பதில் வரவில்லை. வர்ஜீனியா 1979-இல் பைட்டை மெக்ரா-ஹில் பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார், தாய்ப்பாசம் அவ்வளவுதான்.

டிரான்சிஸ்டர்: விற்றதால்தானே பெரிதாக வளர்ந்தது? 1981 ஆகஸ்ட் ஸ்மால்டாக் நிரல்மொழிச் சிறப்பிதழ், ராபர்ட் டின்னி வரைந்த அந்த பலூன் அட்டை, எல்லாம் விற்ற பிறகுதான்.

பழையபேப்பர்: வளர்ந்து என்ன, 1998-இல் மூடினார்களே.

ஹாம்வாசி: மூடியது பிறகு அதை வாங்கிய சிஎம்பி நிறுவனம், மெக்ரா-ஹில் இல்லை. அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களோடு நான் நான்கு இதழ் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பழையபேப்பர்: மெக்ரா-ஹில் மூடியது என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள்.