டி.என்.ஏ. பழுதுபார்ப்பா, நோய் பயோமார்க்கரா: முனைவர் பட்டத்துக்கு எதைத் தேர்வது?

கேள்வி: தெற்குவாடிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் பாம்பனைச் சேர்ந்தவள். மதுரையில் உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றிருக்கிறேன். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு என்று தெரிந்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு சற்றுத் தள்ளிப் போயிருக்கிறது. இப்போதைய சிக்கல், இரண்டு ஆய்வகங்களிலிருந்து அழைப்பு வந்திருப்பதுதான்.

முதலாவது ஆய்வகத்தில், டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது தவறாகச் சேர்ந்துவிடும் காரங்களை, அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகளை, திருத்துகிற மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்களை ஈஸ்டில் ஆராய்கிறார்கள். இரண்டாவது, ஒரு புற்றுநோய் மருத்துவமனையோடு இணைந்தது. நோயாளிகளின் இரத்த மாதிரிகளில் நோயை முன்கூட்டிக் காட்டக்கூடிய பயோமார்க்கர்களைத் தேடுகிறார்கள். ஈஸ்டைப் பற்றிச் சொன்னால் "ரொட்டிக்குப் போடுகிற மாவா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மருத்துவமனை என்றால் உடனே மதிப்பு வருகிறது.

அப்பா விசைப்படகில் டிரைவர். எஞ்சின் புகையிலும் வெயிலிலும் ஆயுள் முழுவதும் உழைக்கிறவர்களின் டி.என்.ஏ.வுக்கு என்ன ஆகிறது என்பதை என்றாவது இதே கடற்கரையில் ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அதற்கு இந்த இரண்டில் எது சரியான தொடக்கம்? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சேதுக்கரையான்

வாழ்த்துகள், அம்மா. இத்துறையிலேயே உழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தயக்கமின்றிச் சொல்கிறேன்: ஈஸ்ட் ஆய்வகத்துக்குப் போங்கள். மருத்துவமனைகளில் இன்று நம்பிக்கையோடு செய்யப்படும் டி.என்.ஏ. சார்ந்த சோதனைகளில் சில மிக முக்கியமானவை, நோயை நினைத்துக்கூடப் பார்க்காமல் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வந்தவை.

நீங்கள் குறிப்பிட்ட மிஸ்மேட்ச் ரிப்பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்வேதியியலர் பால் மாட்ரிச்சின் குழு 1989-இல் ஈ. கோலை பாக்டீரியத்தின் புரதங்களைப் பிரித்தெடுத்து, இந்தத் திருத்தம் முழுவதையும் சோதனைக் குழாய்க்குள்ளேயே நடத்திக் காட்டியது. 1993-இல், அதே வகைப் புரதங்கள் பழுதான ஈஸ்டில், குறுகிய எழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாட்டிலைட் பகுதிகள் நீளம் மாறித் தாறுமாறாகின்றன என்று வேறொரு குழு கண்டது. சில பெருங்குடல் புற்றுக் கட்டிகளிலும் அப்படிப்பட்ட மாற்றம் இருப்பது அந்த ஆண்டுதான் தெரியவந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு எங்கே தேட வேண்டும் என்பது விளங்கிவிட்டது. ஆண்டு முடிவதற்குள், லிஞ்ச் சிண்ட்ரோம் என்று நாம் அழைக்கும் பரம்பரைப் பெருங்குடல் புற்றுக்கு, மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்களில் ஒன்றைத் தரும் எம்.எஸ்.எச்.2 மரபணுவின் பழுது ஒரு காரணம் என்பது வெளியாயிற்று. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தப் பழுது உள்ள கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் தோன்றியிருந்தாலும், பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. இந்த நீண்ட வழியில் ஈஸ்டின் பங்கு சிறியதன்று என்பதை உங்கள் உறவினர்களுக்குச் சொல்லுங்கள். மாட்ரிச்சுக்கு 2015-இல் லிண்டால், சான்ஜார் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் எடுபடும்.

அடிப்படை தெரியாமல் மார்க்கரைத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஆக்ஸிஜனேற்றச் சிதைவின் அடையாளமாக 8-ஆக்ஸோகுவானின் என்ற சேர்மத்தை அளந்து, அதைப் பல நோய்களோடு தொடர்புபடுத்திக் கட்டுரைகள் குவிந்த காலம் ஒன்று இருந்தது. நலமுள்ள மனிதரின் செல்லில் அது எவ்வளவு என்பதிலேயே ஆய்வகத்துக்கு ஆய்வகம் நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு இருந்தது. ஐரோப்பிய ஆய்வகங்கள் பல ஒன்றுகூடி ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து சோதித்த பிறகுதான் உண்மை தெளிவாயிற்று: டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து அளவீட்டுக்குத் தயார்செய்யும்போதே, அதன் காரங்களில் ஒன்றான குவானின் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிடுகிறது. பலர் நோயாளியின் உடலில் நடந்ததை விட்டுவிட்டுத் தங்கள் மேசையில் நடந்ததை அளந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சந்தேகம் இயல்பாகவே எழும்படி மனத்தைப் பழக்குவது அடிப்படை ஆய்வகம்தான்.

பதில்: பாரஃபின் கட்டி

சேதுக்கரையார் ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை, முடிவில்தான் மாறுபடுகிறேன். நான் நோய்க்குறியியல் மருத்துவர். அதே மிஸ்மேட்ச் ரிப்பேர் சோதனையை அன்றாடம் பார்க்கிறவள்.

கட்டியின் மெல்லிய சீவலில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகிய நான்கு மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்களுக்கும் தனித்தனியே சாயம் ஏற்றுகிறோம். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகும். இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். நீலத்தைக் கண்டவுடன் பழுது என்று எழுதிவிட முடியாது. அதே ஸ்லைடில், கட்டிக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நோயாளியின் சொந்த லிம்போசைட்டுகள் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) பழுப்பாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவையும் நீலமாக இருந்தால் சாயம் பிடிக்கவில்லை என்றுதான் பொருள்; பெரும்பாலும் அறுவை அரங்கிலிருந்து வந்த திசு ஃபார்மலினில் சரியாக ஊறியிருக்காது. எம்.எல்.எச்.1 உண்மையிலேயே காணாமல் போயிருந்தாலும் அது பரம்பரை நோயாக இருக்க வேண்டியதில்லை. கட்டிக்குள் மட்டும் அந்த மரபணு, மெத்திலேற்றம் எனும் வேதிக் குறி ஒட்டுவதால் அடைபட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் ஈஸ்ட் தட்டு கற்றுத் தராது.

கணக்கும் அப்படித்தான். ஒரு லட்சம் பேரில் 100 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகவும், உங்கள் மார்க்கர் நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடித்து, நலமானவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குவதாகவும் வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நோயுள்ள 90 பேரோடு நோயில்லாத 4,995 பேரும் 'பாசிட்டிவ்' ஆவார்கள். அழைத்து அச்சுறுத்தப்படும் 5,085 பேரில் நோய் உள்ளவர்கள் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. நோயாளி மாதிரியும் நலமானவர் மாதிரியும் சரிபாதியாக வைத்துச் செய்யப்படும் ஆய்வுகளில் இது கண்ணில் படுவதில்லை.

ஆகவே, தங்கையே, மருத்துவமனை ஆய்வகத்தை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். நேரில் போகும்போது கேளுங்கள்: மாதிரிகள் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கின்றனவா, நோயாளிகள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற விவரம் உடன் இருக்கிறதா, புள்ளியியலர் ஒருவர் குழுவில் இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் சேரலாம். மாதிரிகளை இனிமேல்தான் சேர்க்க வேண்டும் என்றால் உங்கள் ஐந்தாண்டும் ஒப்புதல் படிவத்திலேயே கழிந்துவிடும். அப்போது நானும் ஈஸ்ட் பக்கமே நிற்பேன்.

தெற்குவாடிப் பெண்

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனை ஆய்வகத்தில் மாதிரிச் சேகரிப்பு இந்த ஆண்டுதான் தொடங்குகிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதன் பொருள் இப்போதுதான் புரிகிறது. கடற்கரை ஆய்வைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? இரத்தத்தில், டி.என்.ஏ. உடைவை அளக்கும் காமெட் சோதனை செய்தால் வெயிலின் பாதிப்பும் புகையின் பாதிப்பும் தெரியுமா?

பதில்: மண்டபம் முகாம்

தங்கச்சி, நான் மீன்களில் காமெட் சோதனை செய்கிறவன். முறை மனிதருக்கும் ஒன்றுதான். செல்களை அகரோஸ் கூழில் பதித்து, அவற்றின் சவ்வைக் கரைத்து, காரக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், உடைந்த டி.என்.ஏ. இழைகள் உட்கருவிலிருந்து ஒரு பக்கமாக வழிந்து வால் போல நீளும். ஒளிர்வு நுண்ணோக்கியில் அந்த வாலை அளக்கிறோம். மேசையில் பிரகாசமான விளக்கு எரிந்தாலே புதிய உடைவுகள் வந்துவிடும் என்பதால் மங்கலான வெளிச்சத்தில்தான் வேலை.

வெயிலை இரத்தத்தில் தேடாதீர்கள். சூரிய ஒளியின் யு.வி.-பி கதிர்கள் பெரும்பாலும் மேல்தோலிலேயே நின்றுவிடுகின்றன. புகையைத் தேடலாம், ஆனால் இழை உடைவுகளில் பெரும்பகுதியைச் செல் சில மணி நேரத்துக்குள் சரிசெய்துவிடும். படகு காலையில் கரை சேர்ந்தவுடன் எடுத்த இரத்தமும், அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபின் மாலையில் எடுத்த இரத்தமும் வேறு வேறு செய்தி சொல்லும். நீண்ட காலப் பாதிப்பு வேண்டுமென்றால் லிம்போசைட்டுகளில் மைக்ரோநியூக்ளியஸ் (செல் பிரியும்போது முதன்மை உட்கருவில் சேராமல் தனித்து நிற்கும் சிறு உட்கரு) எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் கரையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அது இல்லை. விசைப்படகுக்காரர் ஒருவரிடம் தடைக்கு முன்பும் தடையின் கடைசி வாரத்திலும் இரத்தம் எடுத்தால், வயது, பரம்பரை போன்றவை மாறாமல் அவரே அவருக்கு ஒப்பீடு ஆகிறார். நாட்டுப்படகுக்காரரிடமும் அதே நாட்களில் எடுத்தால், பருவத்தால் வரும் மாற்றத்தைக் கழித்துவிடலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி வெல்டிங்கும் பெயின்டும் நடக்கும். அந்த வேலைக்குப் போனவர் யார், போகாதவர் யார், பீடி குடிக்கிறவர் யார் என்று குறித்துவைக்காவிட்டால் எல்லாம் வீண். மாதிரியை மதுரைக்கு அனுப்பிச் செய்யலாம் என்றும் எண்ணாதீர்கள். சில மணி நேரப் பயணத்தில் குளிர்ச்சி தவறினால் வால் தானாகவே நீண்டுவிடும். கூழில் பதிக்கும் வேலையையாவது கரையிலேயே செய்ய வேண்டும்.

இன்னொன்று. தனி ஒருவருக்கு நோய் வரும், வராது என்று பிரித்துச் சொல்லும் எல்லை எதுவும் காமெட் சோதனைக்கு இல்லை. இரத்தம் கொடுத்தவர் மறுநாளே வாடியில் உங்களை நிறுத்தி "எனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். தனிப்பட்ட முடிவு தரப்படாது என்பதை ஒப்புதல் பெறும்போதே, அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லிவிடுங்கள். நெறிமுறைக் குழுவும் அதைத்தான் முதலில் கேட்கும். ஈஸ்ட் ஆய்வகத்தில் சேர்ந்தாலும் காமெட் முறையை அங்கேயே பழகிவிடலாம், ஈஸ்டிலும் அது செய்யப்படுகிறது.