லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட், கீபோர்டுக்கு வேண்டியது 9: இரைச்சலை எப்படிப் போக்குவது?

கேள்வி (குலசேகரம்)
எங்கள் சபையில் வாசிக்கிற கீபோர்டு 9 வோல்ட். போன மழையில் இடி விழுந்து அதன் அடாப்டர் போய்விட்டது, பெரிய பேட்டரி 6 போட்டு ஓட்டுகிறோம், வாங்கி மாளவில்லை. செத்துப்போன லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடந்தது. எல்எம்2596 மாட்யூல் (வோல்ட்டைக் குறைக்கிற சின்ன போர்டு) வாங்கி 9-க்கு இறக்கினேன். மீட்டரில் 9 நிற்கிறது, கரண்ட் 350 மில்லி ஆம்பியர். கீபோர்டு ஓடுகிறது, ஆனால் மெல்லிசாக ஒரு 'கீ' சத்தம், ஆலய மிக்சரில் சொருகினால் அதோடு 'உர்ர்' என்று பெரிய இரைச்சலும். கேரல் பயிற்சி தொடங்கிவிட்டது, பிள்ளைகள் பாடும்போது இது கேட்டால் மனசு கஷ்டமாக இருக்கிறது. 7809 (9 வோல்ட்டை நிலையாகத் தருகிற ரெகுலேட்டர் ஐசி) போட்டால் போகுமா?

பதில் (தக்கலை)
தம்பி, வாங்குவதற்கு முன் இரண்டு சோதனை. பேட்டரியில் ஓட்டி அதே மிக்சரில் சொருகுங்கள். அப்புறம் அடாப்டரில் ஓட்டி, மிக்சர் இல்லாமல் ஹெட்போனில் மட்டும் கேளுங்கள்.

குலசேகரம்
பேட்டரியில் சுத்தமாக இருக்கிறது அண்ணா. ஹெட்போனில் 'கீ' மட்டும்தான், 'உர்ர்' இல்லை.

தக்கலை
சரி, அப்போ இவை இரண்டும் வேறு வேறு. 'கீ' சப்ளையில் இருந்து வருகிறது. எல்எம்2596 ஓடுகிற 150 கிலோஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்காது, ஆனால் அடாப்டரும் தன் பங்குக்கு ஒரு வேகத்தில் சுவிட்ச் பண்ணுகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குக் கேட்கிற அளவுக்கு இறங்கி வரலாம். 19-ஐ நேராக 7809-இல் கொடுத்தால் 10 வோல்ட் அதன் தலையில் விழும், 3.5 வாட் சூடு. அதனால் மாட்யூலை 12-க்கு வையுங்கள், பிறகு 7809. இப்போது சூடு 1 வாட்தான், சின்ன ஹீட் சிங்க் (சூட்டை வெளியே விடுகிற உலோகத் தகடு) போதும். ஆனால் 7809 மெதுவான அலையைத்தான் நன்றாக அடக்கும், வேகமானதை விட்டுவிடும். நடுவில் 100 மைக்ரோஹென்றி சோக்கும் (கம்பிச் சுருள்) 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் கட்டாயம். 7809-இன் காலை ஒட்டி, உள்ளே வரும் பக்கம் 0.33, வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர்.

பதில் (கருங்கல்)
'உர்ர்' எர்த் பிரச்சினை. அடாப்டர் பிளக்கில் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் நின்றுவிடும், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பதில் (நாகர்கோவில்)
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடாப்டர் வழியாகவும் மிக்சர் வழியாகவும் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்பது உண்மைதான், ஆனால் பழைய அடாப்டரில் உள்ளே ஏதாவது கசிந்தால் அந்த எர்த்தான் காப்பாற்றும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிள்ளைகள். சுற்றை ஒலி வயரில் அறுங்கள்: கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர் அல்லது டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியை மிக்சரோடு இணைக்கிற சின்னப் பெட்டி). இன்னொன்று, அடாப்டரை உடைத்துத் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். கீபோர்டில் அடாப்டர் சொருகுகிற இடத்தின் நடு முள் மைனஸா பிளஸ்ஸா என்று பார்த்தீர்களா? பழைய காசியோக்களில் மைனஸ் வரும்.

குலசேகரம்
பார்த்தேன் அண்ணா, மைனஸ்தான், அதன்படியே கொடுத்திருக்கிறேன்.

குலசேகரம் (இரண்டு வாரம் கழித்து)
சோக்கும் 7809-உம் போட்டதும் 'கீ' போய்விட்டது. டிரான்ஸ்பார்மர் மார்த்தாண்டத்தில் கிடைத்தது, 'உர்ர்' அதோடு நின்றது. நேற்று இரண்டு மணி நேரம் பயிற்சி, ஹீட் சிங்க் கை வைத்துப் பார்க்கிற சூடுதான். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைக்கலாமா?

தக்கலை
வைக்கலாம், கீழே நாலு ஓட்டை, மேலே நாலு ஓட்டை. மாட்யூலில் 12-க்குத் திருப்பிய ஸ்க்ரூவில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள், யார் கையும் பட்டுத் திரும்பாது.